மெசின் ஓடினால் கேட்காது

சத்தம் ஆகாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சென்னையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். பக்கத்து இருக்கையில் யாராவது போனில் பேசினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாத உயர்ந்த ரகமாம். ஒருநாள் ஆசைக்கு நானும் மாட்டிப் பார்த்தேன், அடுத்த நொடியே கழற்றிவிட்டேன். ப்ளஸ் ஒன் படித்த வருடத்து ஆடி மாதம் முழுவதும் அதற்குள் உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊர் திருப்பூர், வேலம்பாளையம். நான் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை எங்கள் வீட்டு முன்ஹால்தான் கம்பெனி. அப்பா குமாரவேல் பெரிய கம்பெனிகளில் வெட்டிய துணியை வாங்கி வந்து பனியனாகத் தைத்துக் கொடுக்கிறவர். ஹாலில் வரிசையாக ஓவர்லாக் மெசின்கள் இருக்கும். துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற மெசின் அது, காதைக் கிழிக்கும். காலையில் ஆரம்பித்தால் இரவுச் சோற்று நேரம் வரை ஒன்றரை ஷிப்ட் ஓடும். அதனால் எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்லவேண்டும். அம்மா சாரதாமணி அடுப்படியிலிருந்து "ஏனுங்க, சோறு ஆச்சுங்க" என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கை கழுவப் போவார்.

என் இடம் கடைசி மெசினுக்குப் பின்னால், துணி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில். அங்கே உட்கார்ந்துதான் எழுத்துக் கூட்டினேன், வாய்ப்பாடு சொன்னேன், பத்தாம் வகுப்புக்கும் படித்தேன். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்தக் கடைசி மெசின் வேலாத்தாள் அக்காவுடையது. அம்மாவைவிட வயதில் மூத்தவர் என்றாலும் தெருவுக்கே அவர் அக்காதான். அடுத்த மெசினில் தேனிப் பக்கத்திலிருந்து வந்த சிவராஜ் அண்ணன். அவர் தலைக்கு மேலே ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வரிகூட என் காதில் விழாது. அவர் மட்டும் எப்படியோ சரியான இடத்தில் கூடவே பாடுவார்.

எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் ஏறும். வாய்விட்டு என்றால் சும்மா முணுமுணுப்பது இல்லை. உரக்கச் சொல்லவேண்டும், கையை ஆட்டவேண்டும், தப்பு வந்தால் என்னை நானே திட்டிக்கொள்ளவேண்டும். "ஏ ஜெயசுதா, உன்ற மண்டைக்குள்ள மூளை இருக்குதா, பஞ்சு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பேன். மெசின் ஓடும்போது யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம். இப்படிக் கத்திக் கத்தித்தான் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன்.

அங்கேதான் வினை பிடித்தது. முதல் மார்க் வாங்கியவளைப் பக்கத்து அரசுப் பள்ளியிலேயே விட்டுவைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில், இங்கிலீஷ் மீடியத்தில், ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்துவிட்டார். எனக்கும் ஃபர்ஸ்ட் குரூப்தான் வேண்டும். மெக்கானிக் வந்து மெசினைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளே எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். மெசின் செய்கிற இன்ஜினியராக வேண்டும் என்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கும் ஆசை.

அதுவரை ப்ளஸ் ஒன் என்றால் இளைப்பாறுகிற வருடம் என்று அக்காமார்கள் சொல்லிக் கேட்டிருந்தேன். எங்கள் செட்டுக்குத்தான் முதன்முதலாக ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்தே ஆசிரியர்களுக்குப் பதற்றம், எங்களுக்குப் பயம். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டெஸ்ட். என் கஷ்டம் அதைவிடப் பெரிது. தமிழில் நிலைமம் என்றால் எனக்கு நன்றாகத் தெரியும், அதுவே இங்கிலீஷில் 'இனர்ஷியா' என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அடையாளமே தெரியவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் எல்கேஜியிலிருந்தே இங்கிலீஷில் தும்முகிறவர்கள். நான் வாயைத் திறக்கவே பயந்துபோய்க் கடைசி பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டேன்.

ஜூன் மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். எங்கள் வகுப்பாசிரியர் செல்வக்குமார் சார், இயற்பியலும் அவர்தான். நல்ல மனிதர், ஆனால் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். "இந்த ரெண்டு வருசம் உங்க வீட்டுல டிவி சத்தம்கூடக் கேக்கக் கூடாது. பிள்ளைங்களுக்கு அமைதியான சூழ்நிலைய அமைச்சுக் குடுங்க" என்றார். அப்பா கை தூக்கினார்.

"ஏனுங்க சார், மெசின் சத்தமுங்க?"

கூடமே சிரித்தது. அங்கே இருந்த பெற்றோர்களில் பாதிப் பேர் வீட்டில் மெசின் உண்டு. சாரும் சிரித்துக்கொண்டே, "மெசின் சத்தத்துல எப்படிங்க படிக்க முடியும்?" என்றார். அப்பா சிரிக்கவில்லை. 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெசின்களெல்லாம் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் பிடித்த ஒரு ஷெட்டுக்குப் போய்விட்டன. டெய்லர்கள் எல்லோரும் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். தரையில் மேஜைக்கால் நின்ற இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்காக ஒரு கம்பெனியே இடம் பெயர்கிறது என்று உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மௌன விரதம். நான் பள்ளிக்குப் போன பிறகுதான் அம்மா மிக்சியைப் போடுவாள். குக்கர் விசில் அடிக்கப்போகிற நேரத்தில் ஓடிப்போய்க் கரண்டியால் மெல்லத் தூக்கி ஆவியை விடுவாள். அப்பா தெருமுனையிலேயே பைக்கை அணைத்து, வீடு வரை தள்ளிக்கொண்டு வருவார். சொந்தக்காரர்கள் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "புள்ள ப்ளஸ் ஒன்னுங்க" என்று காதோடு சொல்வார். அவர்களும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரித் தலையை ஆட்டிவிட்டுக் காப்பி குடிக்காமல் போய்விடுவார்கள்.

ஹாலின் நட்டநடுவே புது மேஜை, புது நாற்காலி, தலைக்கு மேலே புது டியூப்லைட். நான் புத்தகத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். மின்விசிறி சுற்றுவது கேட்கும், பல்லி கத்துவது கேட்கும், அடுப்படியில் அம்மா டம்ளரைப் பூனை மாதிரிக் கீழே வைப்பதும் கேட்கும். பாடம் மட்டும் கேட்காது. அப்பா வேலை முடிந்து வந்ததும் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துகொள்வார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். மகள் இங்கிலீஷில் பாய்ந்து பாய்ந்து படிக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அவர் காது கொடுத்துக் காத்திருக்கும்போது ஒவ்வொரு வார்த்தையையும் உடைத்து உடைத்து நான் எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் படித்தேன். கண்ணால் படித்தது எதுவும் இன்றுவரை என் மண்டைக்குள் போனதில்லை.

மிட் டேர்ம் தேர்வில் இயற்பியலில் ஃபெயில், வேதியியலில் தட்டுத்தடுமாறிப் பாஸ். செல்வக்குமார் சார் அப்பாவை வரவழைத்தார். "பொண்ணு கஷ்டப்படுதுங்க. காலாண்டுல பாப்போம். அதுலயும் இப்படியே இருந்தா காமர்ஸ் குரூப்புக்கு மாத்திடலாம். அதுக்கப்புறம் மாத்தவும் முடியாது" என்றார். காமர்ஸ் நல்ல படிப்புதான், எனக்கொன்றும் அதன் மேல் கோபமில்லை. ஆனால் அதில் போனால் இன்ஜினியரிங் அன்றோடு முடிந்தது. அன்று அப்பாவின் பின்னால் பைக்கில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

அப்பா தப்பு எங்கே என்று யோசித்தார். பக்கத்து வீட்டு மெசின் சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது என்று கண்டுபிடித்தார். மறுநாளே ஒரு கட்டு ஃப்ளீஸ் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளிநாட்டுக் குளிருக்குப் போடுகிற சட்டைக்கு வரும் தடித்த துணி அது, சாயம் மாறிப்போய்க் கழித்துப்போட்ட சரக்கு. அதை ஜன்னல், கதவு, வெண்டிலேட்டர் என்று ஓட்டை இருந்த இடமெல்லாம் இரண்டு மடிப்பாக வைத்து ஆணி அடித்தார். ஆடி மாதக் காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போகிறது, நான் மட்டும் ஊதா நிற ஃப்ளீஸுக்குள் வெந்துகொண்டிருந்தேன். இதைத் தாண்டி இனி என் குரல் வெளியே போகாது, வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்தது. வெளியிலிருந்து "முருகா" என்று அப்பாவின் குரல் கேட்டது.

"இது ஊடா, ஆசுபத்திரியா?" என்று அம்மா ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள். அப்பா வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

ஆவணி பிறந்திருக்கும். ஒரு சாயங்காலம் அம்மா வடை சுட்டு, ஷெட்டில் டீ நேரத்துக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். மறுநாள் டெஸ்ட் இருந்ததால் இயற்பியல் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டு பெருமாநல்லூருக்குப் போயிருந்தார். தூக்குவாளி காலியாகட்டும் என்று வேலாத்தாள் அக்காவின் மெசினுக்குப் பின்னால் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தேன். டீ முடிந்து மெசின்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று சத்தம் ஏறி ஷெட்டே அதிர்ந்தது. என்னை அறியாமல் வாய் திறந்தது.

முதலில் இங்கிலீஷில் திக்கித் திக்கிப் படித்தேன். பிறகு தமிழில் எனக்கு நானே விளக்கம் சொன்னேன். பிறகு திட்டிக்கொண்டேன், மறுபடி படித்தேன். இத்தனை வாரமாக எனக்கு முகம் காட்டாத பாடம் அன்று புரிந்தது. எனக்கு மூளை மழுங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன், அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. காலித் தூக்குவாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் போனேன். அப்பா சரக்கு முடிந்து சீக்கிரம் வந்துவிட்டார், கையும் களவுமாக மாட்டினேன். "இந்தச் சத்தத்துல உனக்கென்ன வேல கண்ணு? ஊட்டுக்குப் போ" என்று பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்து ஃப்ளீஸுக்குள் இறக்கிவிட்டார். எனக்காகக் கம்பெனியையே தூக்கிக்கொண்டு போன மனிதரிடம், எனக்குக் கம்பெனிச் சத்தம்தான் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? அம்மாவிடம் சொன்னேன். "உங்கப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ சாமி, எனக்கு வேண்டாம் அந்த வம்பு" என்றாள். ஆனால் அன்றிலிருந்து டீ நேரத்துக்குத் தினமும் ஏதாவது ஒரு பலகாரம் செய்து என் கையில் கொடுத்தனுப்பினாள்.

வேலாத்தாள் அக்காவுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "மூட்டைக்கு அக்கட்டால உக்காந்துக்க அம்மிணி. உங்கப்பன் வந்தா காலி நூல்கோன் ஒண்ணத் தூக்கி அந்தப் பக்கம் போடறேன்" என்றார். சிவராஜ் அண்ணன் இன்னும் இரண்டு மூட்டைகளை நகர்த்தி என்னைச் சுற்றி அடுக்கிவிட்டு, "இப்பப் படி ஆத்தா, எமனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். அப்பாவின் வேன் கிளம்பியதும் உள்ளே நுழைவேன், அவர் திரும்பும் நேரத்துக்கு முன்னால் ஓடிவந்து ஃப்ளீஸுக்குள் அடங்கிக்கொள்வேன். இடையில் எப்போதாவது கோன் பறந்து வந்து மடியில் விழுந்தால் மூட்டைக்குள் சுருண்டுவிடுவேன். ப்ளஸ் ஒன் படிப்பை இப்படித் திருட்டுத்தனமாகப் படித்தவள் திருப்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இயற்பியல் காலாண்டுக்கு முந்தின நாள் நல்ல மழை. நாளை இந்தப் பேப்பரில் தவறினால் காமர்ஸ்தான். அந்தப் பயத்தில் அன்று வழக்கத்தைவிடச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். மழையில் வேன் போகமுடியாமல் பாதி வழியிலேயே அப்பா திரும்பிவிட்டது எங்களுக்குத் தெரியாது. வெளியே எங்கேயோ டமார் என்று இடி விழுந்து கரண்ட் போனது. ஷெட்டில் இருந்த மெசின்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் நின்றன. என் குரல் மட்டும் நிற்கவில்லை.

"உன்ற மண்டைக்குள்ள என்ன பஞ்சா இருக்குது? திருப்புவிசைதான டார்க்கு? அத மொதல்ல இங்கிலீசுல சொல்லு! நாளைக்குப் பரீட்சையில கேட்டா அழுவியா?"

தகரக் கூரையில் பட்டு அந்தக் குரல் எனக்கே திரும்பி வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரிப்பார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை என்பது அன்று எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. அப்பாவுக்குப் பயந்துகொண்டு இருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏனென்றால் செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு அப்பா மூட்டைகளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க என்ன அம்மிணி பண்றே?"

"படிக்கறனுங்ப்பா."

"ஊட்ல எடமில்லியா கண்ணு?"

அதட்டினால் தாங்கியிருப்பேன். அவர் கேட்டது கெஞ்சுவதுபோல இருந்தது. தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டவர் மாதிரி நின்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"சத்தம் போட்டுப் படிச்சாத்தானுங்ப்பா எனக்கு ஏறும். ஊட்ல அது முடீலீங். நீங்க வெளிய உக்காந்து கேக்கறீங்க. எனக்கு இங்கிலீசு வரலீங்ப்பா. தப்புத் தப்பா வருது."

"தப்பா வந்தா வந்துட்டுப் போகுது. நான் என்ன வாத்தியாரா?"

"நீங்க கேக்கறீங்கன்னு நெனச்சாலே எனக்கு வாய் கட்டிக்குதுங்ப்பா."

அப்பா நின்றுபோன மெசின்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இங்க மட்டும்? மெசின் ஓடுனாக் கேக்காதா?"

"கேக்காதுங்ப்பா. அதனாலதான் இங்க வர்றேன்."

அப்பா வேலாத்தாள் அக்காவைப் பார்த்தார். அக்கா அந்த இருட்டில் குனிந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். சிவராஜ் அண்ணன் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தார்.

"அட, ஆமா" என்றார் அப்பா. "மெசின் ஓடுனா எப்புடிக் கேக்கும்?"

கரண்ட் வந்தது. அவர் செல்போனை அணைத்துவிட்டு, "படி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். மறுநாள் பரீட்சையில் டார்க் வந்தது, நானும் எழுதினேன். பேப்பர் கொடுக்கும்போது செல்வக்குமார் சார் என் பெயரை இரண்டு முறை வாசித்துவிட்டு, "அமைதியான சூழ்நிலை எவ்வளவு முக்கியம்னு இப்பத் தெரியுதா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். நான் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தேன். காமர்ஸ் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஃப்ளீஸைப் பிடுங்கி எறிந்தார். வெளிச்சம் ஹாலுக்குள் வந்து விழுந்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மதியம் ஷெட்டிலிருந்து ஒரே ஒரு ஓவர்லாக் மெசின் வந்து இறங்கியது. அப்பா தொழில் தொடங்கியபோது முதன்முதலில் வாங்கிய பழைய மெசின், இருப்பதிலேயே அதிகச் சத்தம் போடுவது. அதைச் சுவரைப் பார்த்துப் போட்டார். உட்கார்ந்தால் அவர் முதுகுதான் எனக்குத் தெரியும்.

"இதுல என்னங்க தெப்பீங்க? இதுக்கு ஆர்டரே இல்லியே" என்றாள் அம்மா.

"ஏதோ ஒண்ணு தெக்கறேன்" என்றார்.

இரண்டு வருடம் தைத்தார். ஷெட்டில் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துவிடுவார். கழித்துப்போட்ட துணித்துண்டுகளைச் சேர்த்துக் கால்மிதி தைத்தார். எங்கள் வீட்டில் கால்மிதி இல்லாத வாசல் கிடையாது. பிறகு சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார், அவர்கள் போதும் என்றதும் தெருவுக்குக் கொடுத்தார். அம்மா பால்காரருக்கே இரண்டு கொடுத்திருக்கிறாள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே கத்திக் கத்தி இரண்டு வருடப் பாடத்தையும் படித்தேன். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அடுப்படியில் தாளிக்கிற வாசனை, மெசின் எண்ணெய் வாசனை, காற்றில் பறக்கிற பஞ்சு, என் குரல். அந்தச் சாயங்காலங்களைப் போல நிம்மதியாக நான் எங்கேயும் இருந்ததில்லை.

ஒரே ஒருநாள் தவிர. ப்ளஸ் டூ அரையாண்டில் கணக்கில் மண்ணைக் கவ்விய சமயம். பொங்கல் முடிந்து பேப்பர் கொடுத்தார்கள். பொதுத்தேர்வு வாசலில் வந்து நிற்கிறது. அன்று சாயங்காலம் புத்தகத்தைத் தரையில் வீசிவிட்டு, பாடம் படிக்கிற அதே உச்சக் குரலில் அழுதேன். "எனக்கு இது வராது. என்னால ஆகாது. அப்பா கம்பெனியவே எனக்காகத் தூக்கிட்டுப் போனாங்க, நான் அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இதுக்கு எட்டாவதோட நின்னு நானும் மெசின்ல உக்காந்திருக்கலாம்" என்று என்னென்னவோ சொல்லிப் புலம்பினேன். மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், டீக்குக்கூட அது நிற்கவில்லை. துணியை மாற்றுவதற்காக வழக்கமாக நடுநடுவே நிற்கும், அன்று அதுவும் இல்லை. அழுது அழுது எனக்கே அலுத்துப்போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை எடுத்து முதல் கணக்கைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் மெசின் மூச்சு விட்டது.

காலையில் வாசல் தெளிக்கும் முன் ஹாலைப் பெருக்கிய அம்மா கத்தினாள். ஓவர்லாக்கைத் துணி வைக்காமல் ஓட்டினால் வெறும் நூல் பின்னிக்கொண்டு சடைசடையாக வரும். அப்படி ஒரு நூல்சடை மெசினுக்குக் கீழே மலைபோலக் குவிந்து கிடந்தது. "பாரு, துணியே வெக்காம ஓட்டியிருக்கறாரு! நூலு என்ன மரத்துலயா காய்க்குது?" என்றாள். மனிதர் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பார் என்று நானும் அம்மாவும் சேர்ந்து சிரித்தோம்.

பரீட்சை எழுதினேன், கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கிடைத்தது, இன்றைக்குச் சென்னையில் மெசின் வரைகிறேன். அலுவலகம் மட்டும் அமைதியானது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். வேலாத்தாள் அக்கா தன் மகள் வயிற்றுப் பேத்தி தேஜஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் இப்போது ப்ளஸ் ஒன். ஒன்றுமே மண்டையில் ஏறவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

"இந்த அக்காவப் பாரு. மூட்டைக்குப் பின்னால உக்காந்து அவளே அவளத் திட்டிக்குவா. மண்டையில பஞ்சா மூளையான்னு கேப்பா. அப்புடிப் படிச்சவ" என்றார் வேலாத்தாள் அக்கா, முறுக்கைக் கடித்துக்கொண்டே.

"கரண்ட் போனப்ப ஒரு தடவ கேட்டீங்க. அதையே எத்தன வருசத்துக்குங்க்கா சொல்லுவீங்க?" என்றேன்.

"ஒரு தடவையா? நீ ரெண்டாப்புல வாய்ப்பாடு தப்பாச் சொன்னதுலருந்து கேட்டுக்கிட்டிருக்கறோம்."

"மெசின் ஓடறப்பக் கேக்காதேங்க்கா."

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுக்குள்ளயே பொழைக்கறவங்களுக்கு மெசின் சத்தம் காதுல உழுவாது கண்ணு. மத்ததெல்லாம் கேக்கும். சிவராஜு ரேடியோவோட பாடறதப் பாத்ததில்லியா நீ? நெசமாலுமே உனக்குத் தெரியாதா?"

"அப்பாவுக்குமா?"

"உங்கப்பனுக்கு எந்த மெசின்ல ஊசி மழுங்கியிருக்குதுன்னு வாசல்ல நின்னாலே கேக்கும்."

எனக்கு முகம் சிவந்துபோயிற்று. இரண்டு வருடம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று உளறிய இங்கிலீஷ், திட்டிக்கொண்ட திட்டு, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அன்று ஷெட்டில் கேட்காது என்று அவர் ஒப்புக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. கடைசியாக அந்த நூல்சடை வந்தது. அவர் தூங்கவில்லை. துணி எடுக்க மெசினை நிறுத்தினால் நான் கூச்சப்பட்டு அழுகையை அடக்கிவிடுவேன் என்று, நான் அழுது முடிக்கும் வரை வெறும் மெசினை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா போன பிறகு ஹாலுக்குப் போனேன். அந்தப் பழைய மெசின் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தீபாவளி லீவில் கை சும்மா இருக்காமல் அப்பா ஒரு கால்மிதியைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ப்ளஸ் டூவுல ஒரு நாள் நான் அழுதனே, அது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

பெடலிலிருந்து காலை எடுத்தார். மெசின் நின்றது. மெசின் மேல் கிடந்த பஞ்சை ஊதிவிட்டார்.

"மெசின் ஓடறப்ப என்ன கண்ணு கேக்கும்?" என்று சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினார்.

நான் அவருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். படிப்பதுபோலவே வாய்விட்டு, உச்சக் குரலில் சொன்னேன். "அந்த ஃப்ளீஸு எனக்குப் புடிக்கவே இல்லீங்ப்பா. வெந்து போயிட்டேன். ஆனா நீங்க ரெண்டு வருசம் திரும்பிப் பாக்காம உக்காந்திருந்தீங்களே, அதுல படிச்சதுதானுங்ப்பா நானு. அங்க சென்னையில தப்பாப் பேச எனக்கு எடமே இல்லீங்ப்பா. இந்த ஊட்டு நெனப்பாவே இருக்குது."

அப்பா திரும்பவில்லை. கால்மிதி எப்போதோ தைத்து முடிந்து கீழே விழுந்திருந்தது. மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. நூல்சடை அவர் காலடியில் நீண்டுகொண்டே போனது.